மலைப்பக்கத்துக் காது

தணிகை மலையின் அடிவாரத்தை ஒட்டிய அந்தத் தெருவில் விடியலை அறிவிப்பவை இரண்டு. ஒன்று, மலைமேலிருந்து ஒலிபெருக்கி வழியே இறங்கிவரும் துயிலெழுப்பும் பாட்டு. மற்றொன்று, அது முடியுமுன்னே ஓடத் தொடங்கிவிடும் விசைத்தறிகளின் ஓசை. ஜெயம்மாவுக்கு இப்போது இரண்டாவது மட்டுமே எட்டியது. அதுவும் செவியால் அன்று, உள்ளங்காலின் கீழ் அதிரும் தரையால்.

இருபத்தாறு ஆண்டுகளாக அவள் வீட்டை ஒட்டிய கூடத்தில் நான்கு தறிகளுக்கு நடுவே நின்றவள். தறிக்கூடத்தில் யாரும் குரலெழுப்பிப் பேசுவதில்லை, எழுப்பினாலும் பயனில்லை. சொல்லை உதட்டில் விரித்துக் காட்டுவார்கள், எதிரில் நிற்பவர் பார்த்துப் புரிந்துகொள்வார். நூல் அறுந்தது முதல் பக்கத்து வீட்டு நிச்சயதார்த்தம் வரை அத்தனையும் அங்கே ஓசையின்றியே பேசப்படும். ஆகவே, ஜெயம்மாவின் செவி என்றைக்கு மங்கத் தொடங்கியது என்பதை அவளுடைய கணவன் வேணுவும் அறியவில்லை, மகள் தேவிப்பிரியாவும் அறியவில்லை. முகத்தைப் பார்த்து எதைச் சொன்னாலும் அவள் சரியாகவே விடை சொன்னாள். சன்னிதியில் ஓதுவார் பாடும்போதும் அவர் வாயசைவைக் கண்கொட்டாமல் பார்த்து, அடுத்த அடியைத் தன் உதட்டில் தொடர்வாள். பார்ப்பவர்கள் அதைப் பக்தி என்று எண்ணினார்கள். பக்தியும்தான்.

சென்ற மாதக் கிருத்திகையன்றுதான் வெளிப்பட்டது. மலைப்படியில் பின்னால் பால்குடத்தோடு ஓடிவந்தவர்கள் வழிவிடச் சொல்லிக் கூவியும் அவள் விலகவில்லை. குடம் முதுகில் இடித்து இரண்டு படி சறுக்கினாள். முழங்காலில் சிராய்ப்போடு போயிற்று.

மறு வாரமே தேவிப்பிரியா அவளைத் திருவள்ளூருக்கு அழைத்துச் சென்றாள். செவிச் சோதனை நிலையம் வைத்திருக்கும் கஜபதி, கண்ணாடி அறைக்குள் ஜெயம்மாவை உட்காரவைத்து ஒரு மணி நேரம் சோதித்தார்.

"ரெண்டு காதும் ஒரே அளவுதாம்மா போயிருக்கு. மிஷின் வச்சா நல்லா கேட்கும். இன்னும் நாளைத் தள்ளினீங்கன்னா, சத்தம் வந்தாலும் அது இன்ன சத்தம்னு மூளை மறந்துபோயிடும்."

ஒரு காதுக்கான கருவி இருபத்தெட்டாயிரம் ரூபாய். குறிப்பிட்ட மூன்று வங்கிகளின் கடன் அட்டை இருந்தால் வட்டியில்லாமல் ஒன்பது மாதத் தவணை. தேவிப்பிரியாவுக்கு வயது இருபத்திரண்டு, அம்பத்தூரில் வாகன உதிரிபாகக் கம்பெனியொன்றின் கொள்முதல் பிரிவில் சேர்ந்து ஏழு மாதம், சம்பளம் இருபத்தோராயிரம். அவளிடம் எந்த வங்கியின் கடன் அட்டையும் இல்லை. அந்த வீட்டில் அதுவரை யாரிடமும் இருந்ததில்லை.

*

அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரன் ஆகாஷ். அவனுடைய அண்ணன் வேறொரு வங்கியின் கடன் அட்டைகளை விற்பவன். ஆகவே தம்பியின் கைப்பேசியில் எப்போதும் ஒரு தங்க நிற அட்டையின் விண்ணப்பம் தயாராக இருந்தது.

"ஒன்றரை லட்சம் லிமிட்டு, ப்ரியா. உன் சம்பளத்துக்கு எவனும் தர மாட்டான். எங்க அண்ணன் சொல்லித்தான் தராங்க. மாசம் ரெண்டு சினிமா டிக்கெட்டு. ஏர்போர்ட்டுல லவுஞ்சு ஃப்ரீ, சோபாவுல சாஞ்சிகினு சாப்பிடலாம்."

"நான் ஏறுறது திருத்தணி லோக்கலு. அதுல லவுஞ்சு எந்தப் பெட்டியில கீதுன்னு கேட்டுச் சொல்லு."

"கிண்டல் பண்ணு. ரெண்டு காதும் ஒரே நாள்ல முடிஞ்சிடும், அதைப் பாரு. மாசாமாசம் மினிமம் மட்டும் கட்டிகினு போ. யாரும் உன்ன ஒண்ணும் கேட்க மாட்டாங்க."

மற்றோர் அட்டை, அவளுடைய சம்பளம் வந்துசேரும் வங்கியே தர முன்வந்தது. நீல நிறம், ஆண்டுக் கட்டணம் இல்லை, சினிமாவும் இல்லை. கஜபதி சொன்ன மூன்று வங்கிகளில் அதுவும் ஒன்று. ஆனால் முப்பத்தைந்தாயிரத்துக்கு மேல் அதில் செலவிட முடியாது. அதாவது, ஒரு காது.

மாலை ரயிலில் நின்றவாறே அவள் இரண்டு அட்டைகளின் கட்டண விவரங்களையும் படித்தாள். 'மினிமம் மட்டும் கட்டிகினு போ' என்று ஆகாஷ் உரைத்த அந்த ஒற்றை அடிக்குத் தங்க நிற அட்டையின் விவரத்தில் நான்கு பக்கம் உரை இருந்தது. மீதத்துக்கு மாதம் மூன்றரை விழுக்காடு வட்டி. அது வாங்கிய நாளிலிருந்தே கணக்காகும். ஒரு நாள் தாமதத்துக்குத் தனிக் கட்டணம். அந்தக் கட்டணத்துக்கு வரி. தவணையாக மாற்றினாலும் வட்டி உண்டு, ஏனெனில் அந்த வங்கி கஜபதியின் மூன்றில் இல்லை. அரக்கோணத்தில் உட்கார இடம் கிடைத்தது. அவள் அதை முதலிலிருந்து மறுபடியும் படித்தாள்.

படிக்கும்போது எல்லாம் தெளிவாக இருந்தது. ஆயினும், ஒற்றைக் கருவியை வாங்கித் தாயின் கையில் கொடுக்கும் காட்சியை நினைத்தால் மனம் கூசியது. பாதிப் பிரசாதத்தைத் தான் உண்டுவிட்டு மீதியை நீட்டுவது போலிருந்தது.

இரவு உணவின்போது இரண்டு அட்டைகளின் படத்தையும் கைப்பேசியில் காட்டினாள். அந்த வீட்டில் மூவரும் வட்டமாக உட்கார்வதில்லை. வேணு சுவரோரம், ஜெயம்மாவும் தேவிப்பிரியாவும் எதிரெதிராக. ஒருவர் உதட்டை ஒருவர் பார்க்க அதுவே வசதி.

"தங்கக் கலரு அம்சமா கீது," என்றார் வேணு.

"நைனா, கலரு பார்த்தா கார்டு எடுப்பாங்க?"

"வேற இன்னாத்தப் பார்க்கிறது? முப்பது வருசமா நூலு அப்பிடித்தான் எடுக்கிறேன்."

ஜெயம்மா மகளின் முகத்தைப் பார்த்தவாறு, "எனக்கு எதுக்கும்மா மிஷினு? சும்மா இரு. நீ பேசறது எனக்கு ஒரு எழுத்து வுடாம புரியுது. இவரு பேசறது புரியலன்னா இன்னும் நல்லது," என்றாள்.

தேவிப்பிரியா உதட்டை அசைத்தாள். "படியில வுழுந்தியே?"

"வுழுந்தேன். அவன் படிதான, அவன் புடிச்சிகினான்."

தேவிப்பிரியா கைப்பேசியைத் தன் பக்கம் திருப்பினாள். நீல அட்டைக்கு விண்ணப்பித்தாள். ஆனால் ஆகாஷ் அனுப்பிய இணைப்பையும் அழிக்கவில்லை.

*

அட்டை தருமுன் வங்கி அலுவலர் ஒருவர் காணொளி அழைப்பில் முகம் பார்த்து, பெயரும் ஊரும் கேட்டு உறுதி செய்ய வேண்டும். மூன்று முறைக்குள் அது முடியாவிட்டால் விண்ணப்பம் தள்ளுபடியாகும். ஆறு மாதம் கழித்துத்தான் மீண்டும் கேட்க முடியும். தேவிப்பிரியா ஒரு சனிக்கிழமையைத் தேர்ந்தாள். அன்று அமாவாசை. தெருவிலுள்ள தறிகள் அத்தனைக்கும் ஓய்வு. மூச்சு விட்டாலும் கேட்கும் அளவுக்கு அமைதி.

கைப்பேசியைத் தண்ணீர்ச் சொம்பின் மேல் சாய்த்து வைத்தாள். அதற்குப் பின்னால், படத்தில் விழாதபடி, ஜெயம்மா சம்மணமிட்டு அமர்ந்தாள். அவளுக்கு அது ஒரு காட்சி. மகள் பெரிய அதிகாரியோடு பேசப்போகிறாள்.

திரையில் ஓர் இளம்பெண் தோன்றினாள். "வணக்கம் மேடம், என் பேரு சுதா. உங்க முழுப் பேரைச் சொல்லுங்க."

தேவிப்பிரியா சொன்னாள்.

"மேடம், உங்க பேரு?"

மீண்டும் சொன்னாள்.

"மேடம், உங்க லிப்ஸ் மூவ் ஆகுது, வாய்ஸ் வரல. மைக்க செக் பண்ணிட்டு வாங்க."

அழைப்பு அறுந்தது. அவள் கைப்பேசியை அணைத்து மறுபடி இயக்கினாள்; ஒலிவாங்கியின் துளையை முந்தானையால் துடைத்தாள். அரை மணிக்குப் பின் இரண்டாம் அழைப்பு. அதே சுதா, அதே கேள்வி. தேவிப்பிரியா நிமிர்ந்து, தாயின் முகத்தைப் பார்த்து, ஒவ்வோர் எழுத்தையும் உதட்டில் தெளிவாகத் தீட்டிச் சொன்னாள். தாய் தலையசைத்தாள், நன்றாகச் சொல்கிறாய் என்பது போல.

"சாரி மேடம். இன்னும் ஒரே ஒரு சான்ஸ்தான் இருக்கு. முடிஞ்சா வேற போன்ல வாங்க."

திரை இருண்டது. தேவிப்பிரியாவின் கண் கலங்கியது. "இன்னாம்மா இது, போனு கெட்டுப்போச்சா?" என்று வாயசைத்தாள்.

"தெரியலியே. நீ நல்லாத்தான் பேசின," என்றாள் ஜெயம்மா. "ரெண்டு தபாவும் பேரை எழுத்து வுடாம அழகா சொன்ன."

கதவோரம் தேநீர்த் தம்ளரோடு நின்றிருந்த வேணு கனைத்தார்.

"அவ எங்க பேசினா? வாயைத்தான் அசைக்கிறா. ரெண்டு தபாவும் நான் பார்த்துகினுதான கீறேன். ஒரு சத்தமும் வரல."

தேவிப்பிரியா திரும்பி அவரைப் பார்த்தாள். பிறகு, தன் தொண்டையில் கை வைத்து, தாயை நோக்கி "அம்மா" என்றாள். விரலுக்கடியில் எந்த அசைவும் இல்லை.

தறி ஓடும்போது குரலை வீணாக்குவானேன் என்று குழந்தைப் பருவத்தில் பழகிய பழக்கம் அது. தறி நின்ற பின்னும், தாயின் முகம் எதிரில் இருந்தால் குரல் தானாகவே அடங்கிவிடும். அவள் அறியாமலே அது அப்படி நிலைத்துவிட்டது.

வேணு சொன்னது ஜெயம்மாவுக்குப் பாதிதான் புரிந்தது. அவர் முகம் கதவின் நிழலில் இருந்தது. "இன்னா சொல்றாரு?" என்று மகளைக் கேட்டாள். மகள் சொன்னாள். அதையும் ஓசையின்றியே சொன்னாள்.

ஜெயம்மா கைப்பேசியை ஓரமாக வைத்தாள். சொம்பை எடுத்துத் தண்ணீரில் ஒரு வாய் குடித்தாள்.

"அப்போ நீ எங்கிட்ட பேசறப்பல்லாம் சத்தமே இல்லியா?"

தேவிப்பிரியா தொண்டையிலிருந்து கையை எடுத்தாள்.

"எனக்குக் கேட்காதுதான். ஆனா சத்தம் இருக்குதுன்னு நெனச்சிகினு இருந்தேன். இவளுக்கு இந்நேரம் இப்பிடி இருக்கும் குரலு, நாலாங்கிளாசுல கோயில்ல பாடினாளே, அது கொஞ்சம் பெருசாயிருக்கும்னு, நானா ஒண்ணு வச்சிகினு இருந்தேன்." அவள் சிரிக்க முயன்றாள். "சரி வுடு. இல்லாததைத்தான் கேட்டுகினு இருந்தேன் போல."

மகள் எழுந்து வாசலுக்குப் போனாள். மலையின் மேல் கோபுரம் வெயிலில் வெளுத்து நின்றது. கைப்பேசியைத் திறந்தாள். ஆகாஷ் அனுப்பிய இணைப்பு அங்கேயே இருந்தது: தங்க நிற அட்டை, இரண்டு காது, இன்றைக்கே. விரலை அதன்மேல் கொண்டுபோனாள். பெயர், பிறந்த தேதி, சம்பளம் என்று மூன்று கட்டங்களை நிரப்பியும் விட்டாள். நான்காவது கட்டத்தில், 'தவணைத் தொகை மாதம் 5,480, பன்னிரண்டு மாதங்கள்' என்று காட்டியது. ரயில் சீட்டு, வீட்டுக்குத் தருவது, வேறு பிள்ளை இல்லாத வீட்டில் தறிக்கு நூல் வாங்கும் வாரத்தில் தந்தை அவளிடம் கேட்கத் தயங்கிக் கேட்கும் ஆயிரம் இரண்டாயிரம். இவற்றில் ஏதேனும் ஒரு மாதம் இடறும். இடறினால் அந்த நான்கு பக்கமும் தன் வேலையைத் தொடங்கும். அப்போது அம்மா அந்தக் கருவியைக் காதிலிருந்து கழற்றி, துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துவிடுவாள். வேண்டாம், திருப்பிக் கொடுத்துவிடு என்பாள். அவளுக்கு அது நன்றாகத் தெரிந்தது. நாள்தோறும் மகளின் முகத்தைப் படிக்கிறவளிடம் எந்தத் தவணையையும் மறைக்க முடியாது.

நிரப்பிய மூன்று கட்டங்களையும் அழித்தாள். இணைப்பையும் அழித்தாள்.

உள்ளே வந்து தாயின் எதிரில் அமர்ந்தாள். தொண்டையில் கையை வைத்துக்கொண்டு, ஒலி எழுகிறதா என்று விரலால் பார்த்துப் பார்த்துப் பேசினாள். "மா, இப்ப ஒரு காதுக்குத்தான் முடியும். இன்னொண்ணு இதைக் கட்டி முடிச்ச பின்னால. ஒண்ணு போதுமா?"

ஜெயம்மா மகளின் உதட்டைப் பார்க்கவில்லை; தொண்டையில் இருந்த கையைப் பார்த்தாள்.

"ஒரு காதுல வாங்கி இன்னொரு காதுல வுடறேன்னு இத்தன நாளா என்னத் திட்டிகினு இருந்தாரு இவரு. இனிமே வுடறதுக்கு வழியே இல்லன்னு சொல்லு."

"வாங்கிக்கிறியா?"

"ஆங்," என்றாள் ஜெயம்மா. "வாங்கிக்கிறேன்."

பிறகு, யாரும் சொல்லாமலே எழுந்தாள். "நான் இங்க இருந்தா நீ பேச மாட்ட. தறிக்கூடத்துல போயி உட்கார்றேன். ஏங்க, நீங்களும் வாங்க."

மூன்றாம் அழைப்பில் தேவிப்பிரியாவுக்கு எதிரே வெறும் சுவரும் முருகன் படமும் மட்டுமே இருந்தன. சுதா பெயர் கேட்டாள்.

"தேவிப்பிரியா!"

திரையில் சுதா பின்வாங்கினாள். "கேட்குது மேடம். நல்லாவே கேட்குது. இவ்ளோ கத்த வேணாம்."

*

அட்டை பதினோராம் நாள் அஞ்சலில் வந்தது. ஜெயம்மா உறையைப் பிரிக்க விடவில்லை. மலைக்கு எடுத்துச் சென்று, சன்னிதியில் தட்டில் வைத்துக் கொடுத்து, விபூதியோடு திரும்பப் பெற்ற பிறகே பிரித்தார்கள். "வாங்கறதையும் அவன் கண்ணு பார்க்கணும், கட்டறதையும் அவன் கண்ணு பார்க்கணும்," என்றாள்.

கஜபதி அட்டையைத் தேய்த்து, ஒன்பது தவணை என்று பதிந்த சீட்டைக் கொடுத்தார். பிறகு கேட்டார்: "எந்தக் காதுக்கும்மா? அளவு ரெண்டும் ஒண்ணுதான். உங்க இஷ்டம்."

தேவிப்பிரியா தாயைப் பார்த்தாள். இதை அவர்கள் யோசித்திருக்கவில்லை. ஆனால் ஜெயம்மா யோசித்து வைத்திருந்தாள்.

"வலது காது."

"ஏன்னு தெரிஞ்சிக்கலாமா?"

"தறியில நிக்கறப்ப மலை எனக்கு வலக்கைப் பக்கம். காத்தால பாட்டு அங்கேருந்துதான் வரும்."

"அப்ப நானு?" என்றாள் தேவிப்பிரியா.

"உனக்குக் காலு கீது இல்ல? நீ வந்து அந்தப் பக்கம் நில்லு."

கஜபதி சிரித்துக்கொண்டே கருவியை அவள் வலச்செவியில் பொருத்தி, கணினியில் ஏதோ அழுத்தினார். ஜெயம்மா திடுக்கிட்டு மேலே பார்த்தாள். மின்விசிறி. பிறகு கீழே பார்த்தாள், தன் வளையல். நாற்காலி நகர்ந்தது, தெருவில் ஆட்டோ ஒன்று திரும்பியது, யாரோ தும்மினார்கள். ஒவ்வொன்றுக்கும் அவள் தலை திரும்பியது. முகத்தில் மகிழ்ச்சியை விடக் குழப்பமே மிகுந்திருந்தது.

"பத்து நாள் தலை வலிக்கும். தறிக்கூடத்துக்குள்ள போறப்ப கழட்டி வச்சிடுங்க. வெளிய வந்ததும் போட்டுக்கணும்," என்றார் கஜபதி.

திரும்பும் ரயிலில் கூட்டம் குறைவு. வழக்கம்போல் ஜன்னலோரம் எதிரெதிராக உட்கார்ந்தார்கள். சக்கரங்களின் ஓசையும், சுண்டல் விற்பவனின் கூவலும், மூன்று இருக்கை தள்ளி யாரோ பேரனைக் கொஞ்சுவதும் ஒரே அளவில் ஜெயம்மாவின் செவிக்குள் வந்து விழுந்துகொண்டிருந்தன. ஆலங்காட்டைத் தாண்டும்போது அவள் நெற்றியைச் சுருக்கிக் கண்ணை மூடினாள்.

தேவிப்பிரியா முன்னால் குனிந்தாள். தாயின் கையைத் தொட்டுக் கண்ணைத் திறக்கவைத்து, 'கஷ்டமா இருக்குதா? கழட்டிடலாமா?' என்று கேட்டாள்.

ஜெயம்மா அவளையே பார்த்தாள்.

"மறுபடியும் வாயை மட்டும் அசைக்கிற."

தேவிப்பிரியா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஒன்பது மாசம் கட்டப்போற. அந்தக் காசுக்காவது பேசு." சொல்லிவிட்டு, ஜெயம்மா இருக்கையில் இடப்பக்கம் நகர்ந்து, தனக்கு வலப்புறம் இடம் விட்டுத் தட்டினாள். "இங்க வா. எத்தன வருசத்துக்கு மூஞ்சியவே பார்த்துகினு இருக்கிறது?"

தேவிப்பிரியா எழுந்து தாயின் வலப்பக்கத்தில் அமர்ந்தாள். தோளோடு தோள் பட்டது. அவர்கள் இருவரும் ஒரே திசையை நோக்கி உட்கார்ந்திருப்பது அவளுக்குப் புதிதாக இருந்தது. தாயின் உதடும் தெரியவில்லை, கண்ணும் தெரியவில்லை. எதிரே காலியான இருக்கையும், ஜன்னலில் ஓடும் கரும்பு வயலும்தான்.

"இன்னா பேசறது?" என்றாள்.

ஜெயம்மா அசையாமல் அந்தக் குரலைக் கேட்டாள்.

"கட்டக் குரலா கீதுடி," என்றாள் கடைசியில். "நான் வேற மாதிரி நெனச்சிகினு இருந்தேன்."

"நல்லா இல்லியா?"

"யாரு சொன்னா?" ஜெயம்மா முந்தானையால் கண்ணோரம் ஒற்றிக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே பார்வையை வைத்தபடியே இருந்தாள். "நான் வச்சிகினு இருந்ததைக் கழட்டிட்டு இதைப் போட்டுக்கிறேன். கொஞ்ச நாளு ஆவும். நீ பேசிகினே இரு."

தேவிப்பிரியா பேசினாள். ஆகாஷைப் பற்றி, அவன் அண்ணனைப் பற்றி, லவுஞ்சு இல்லாத லோக்கல் ரயிலைப் பற்றி. அரக்கோணத்தில் ஏறிய கூட்டம் எதிர் இருக்கையை நிறைத்தது. அதன்பின்னும் அவள் நிறுத்தவில்லை. வளைவில் ரயில் திரும்பியபோது மலை ஜன்னலுக்குள் வந்தது. ஜெயம்மா கைகூப்பினாள், தலையை மட்டும் மகளின் பக்கமாகச் சற்றே சாய்த்திருந்தாள்.